பிரகதாம்பாள் மகள் அமராவதி

நான் டீச்சர் வேலைக்குச் சேர்ந்தது 1961-ல். கீரமங்கலத்துக்குக் கிழக்கே, கடலோரம் போகிற ரோட்டில் ஒரு ஊர். ஊர்ப் பேரைச் சொல்லப்போவதில்லை. இந்தக் கதையில் வருகிறவர்களின் பேரன் பேத்திகள் அங்கே இருக்கிறார்கள். பழசைக் கிளறி அவர்களைச் சங்கடப்படுத்த எனக்கு விருப்பமில்லை.

அங்கே இருந்த பெண்கள் ஆரம்பப் பள்ளிக்கு அமராவதி டீச்சர்தான் ஹெட்மிஸ்டிரஸ். ஒல்லியான உடம்பு, கணீரென்ற குரல். அவருடைய அறை வாசலில் தொங்கிய பலகையில் 'பிரகதாம்பாள் மகள் அமராவதி, தலைமை ஆசிரியை' என்று முழுசாக எழுதியிருந்தது. அப்படி ஒரு பெயர்ப் பலகையை நான் அதற்கு முன் எங்கேயும் பார்த்ததில்லை. சேர்ந்த முதல் வாரமே கேட்டுவிட்டேன்.

"ஏன் டீச்சர், இனிஷியல் போடலையா?"

"போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு இங்கிலீஷ் வார்த்தை வந்து அதை எடுக்க வச்சிருச்சு," என்றார்.

அந்தக் கதையை அவர் ஒரே மூச்சில் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம், பஸ்ஸுக்கு நிற்கும்போது கொஞ்சம் என்று சொன்னார். அவருடைய நண்பர் சவரியப்பன் சார் சிலதைச் சொன்னார். மீதியை ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

அமராவதி டீச்சர் பிறந்தது புதுக்கோட்டைக்கு வடக்கே திருக்கோகர்ணத்தில், 1930-ல். அம்மா பிரகதாம்பாள் சின்ன வயதில் பொட்டுக் கட்டிக்கொண்டு கோயில் உற்சவங்களில் சதிர் ஆடியவர். மகள் பிறந்த கொஞ்ச காலத்தில் ஆட்டத்தை விட்டுவிட்டார். பிறகு நாலைந்து பெரிய வீடுகளுக்குப் போய்ப் பெண் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். கொல்லைப்புறமாகப் போய்க் கொல்லைப்புறமாகவே திரும்ப வேண்டிய வேலை அது. பாட்டு வேண்டும்; சொல்லிக்கொடுக்கிறவள் வாசல் வழியாக வருவதை யாரும் பார்த்துவிடக்கூடாது.

அப்பா என்று ஒருவர் இருந்தார். டவுனில் பேர் போன வக்கீல். அவருக்கு வேறொரு தெருவில் மாடி வீடும் மனைவி மக்களும் உண்டு. அந்தி சாய்ந்ததும் வில்வண்டியில் வருவார். மகள் தவழ்ந்தபோது அடிக்கடி வந்தார், நடந்தபோது எப்போதாவது வந்தார், பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயதில் வரவு நின்றே போயிற்று.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, "தகப்பனார் பேரு?" என்று வாத்தியாரம்மா கேட்டார். பிரகதாம்பாள் மகளின் தலையைக் கோதிவிட்டார். பிறகு, "என் பேரையே எழுதிக்குங்க," என்றார். அந்த அம்மாள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு 'பி. அமராவதி' என்று எழுதிக்கொண்டார்.

அந்தப் 'பி' அவரை ரொம்ப காலம் காப்பாற்றியது. பார்க்கிறவர்களுக்கு அது ஏதோ ஒரு ஆம்பளையின் பெயராகத்தான் தோன்றும். அமராவதியும் திருத்தமாட்டார்.

"நான் பொய் சொல்லலை. வாயை மூடிக்கிட்டு இருந்தேன். ரெண்டுக்கும் உள்ள தூரம் ரொம்பக் கொஞ்சம்," என்று என்னிடம் சொன்னார்.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த 1948-ல் அவர் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தார். ராஜா காலம் முடிந்துவிட்டதே என்று தெருவில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பிரகதாம்பாள் தன் வைரத் தோட்டைக் கழற்றி விற்று, மகளைத் திருச்சிக்கு டீச்சர் ட்ரெய்னிங் அனுப்பினார். படிப்பு முடிந்து ஒரு வருஷம் அலைந்த பிறகுதான் இந்த ஊரில் வேலை கிடைத்தது.

பள்ளிக்கூடம் உடையப்பன் என்ற பண்ணைக்காரருடையது. தன் தாயார் ஞாபகமாக அவர் கட்டி வைத்தது. அவரே மேனேஜர். நல்ல மனுஷன்தான். ஆனால் யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவார்.

அமராவதி மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தார். வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார். ஏழாம் வாய்ப்பாடு ஒரு ராகம், எட்டாம் வாய்ப்பாடு வேறு ராகம். பிள்ளைகள் களையெடுக்கும் இடத்திலும் அதைப் பாடின. நாற்று நடுகிற பெண்கள்கூட அதைக் கற்றுக்கொண்டு பாடியதாகச் சொல்வார்கள்.

தகராறு ஒரு பெஞ்சியில் ஆரம்பித்தது. உடையப்பனின் மைத்துனர் நாகராசு ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அவருடைய பேத்திக்குப் பக்கத்தில் சேரியிலிருந்து வரும் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது.

"டீச்சரம்மா, அந்தப் புள்ளையை அங்கிட்டு உக்காரச் சொல்லுங்க," என்றார்.

"எதுக்குங்க?"

"எதுக்குன்னு கேக்குறீங்களே, ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அதனாலதான் உக்கார வச்சிருக்கேன். ரெண்டு பேருக்கும் ஒரே சிலேட்டுக் குச்சி, ஒண்ணா எழுதுதுக."

நாகராசு விருட்டென்று போய்விட்டார். மேனேஜரிடம் சொல்லிப் பார்த்தார். "கவர்மெண்டு ரூல் அப்படித்தான் மச்சான் இருக்கு," என்று உடையப்பன் நழுவிக்கொண்டார்.

அந்த வருஷம், 1953-ல், பள்ளி ஆண்டு விழா வந்தது. அமராவதி பிள்ளைகளை வைத்து ஒரு கும்மி பழக்கியிருந்தார். நாகராசுவோடு புதுக்கோட்டையிலிருந்து ஒரு விருந்தாளி வந்திருந்தார். கும்மிக்குப் பின்பாட்டுப் பாடிய டீச்சரை உற்றுப் பார்த்துவிட்டு அந்த மனிதர் சொன்னார்: "இந்தக் குரலை எங்கயோ கேட்டிருக்கேனே. அட, இது கோகர்ணத்துப் பிரகதாம்பா மகள்ல!"

நாகராசுவுக்கு அது போதுமாக இருந்தது. விடிவதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பட்டுக்கோட்டையில் ஒரு வக்கீல் குமாஸ்தாவைப் பிடித்து, இங்கிலீஷில் ஒரு மனு டைப் அடித்து, பள்ளிகளைப் பார்வையிடும் டெபுடி இன்ஸ்பெக்டருக்கு அனுப்பினார் நாகராசு. சில நாளில் அதன் நகல் ஒன்று, பதில் கேட்டு அமராவதிக்கே வந்து சேர்ந்தது.

மனுவில் இருந்த இங்கிலீஷ் பெரும்பாலும் அவருக்குப் புரிந்தது. அவர் ஒழுங்காகப் பாடம் நடத்தவில்லை என்று ஒரு வரிகூட இல்லை. 'இக்னோமினியஸ்' பிறப்புடைய ஒருத்தி கண்ணியமான குடும்பத்துப் பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதா என்றுதான் கேட்டிருந்தது. அந்த ஒரு வார்த்தை மட்டும் அவருக்குத் தெரியவில்லை. பள்ளி அலமாரியிலிருந்த அகராதியைப் புரட்டினார். 'மானக்கேடான, இழிவான' என்று போட்டிருந்தது. அகராதியை மூடி வைத்தார். அன்று பிள்ளைகள் ராகத்தோடு எட்டாம் வாய்ப்பாட்டைச் சொன்னபோது அவரால் கூடச் சேர்ந்து பாட முடியவில்லை.

மறுநாள் உடையப்பன் கூப்பிட்டு அனுப்பினார். அவருக்கும் ஒரு நகல் வந்து மேசை மேல் கிடந்தது.

"டீச்சரம்மா, நான் ஒங்களைப் போகச் சொல்ல மாட்டேன். ஆனா எனக்கும் மச்சான், உறவுமொறைன்னு இருக்கு. ஒரு வழி சொல்றேன், கேளுங்க. இன்ஸ்பெக்டர் திங்கக்கெழமை வாராரு. தகப்பனார் பேரு என்னன்னு கேப்பாரு. ஒங்க இனிஷியல் பி தானே? பிச்சைமுத்துன்னு சொல்லிருங்க."

"பிச்சைமுத்து யாருங்க?"

"யாருமில்லை. செத்துப்போயிட்டாருன்னு சொல்லுங்க. ரங்கூன்ல செத்தாருன்னு வேணும்னாச் சொல்லுங்க. அங்கிட்டுப் போயி யாரு விசாரிக்கப் போறா? அதுக்குப் பெறகு நான் பாத்துக்கிறேன்."

அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அமராவதிக்கும் அது புரிந்தது. "யோசிச்சுச் சொல்றேன்," என்று வெளியே வந்தார். உண்மையிலேயே யோசித்தார். வேலை போனால் திருக்கோகர்ணத்து வீட்டில் அடுப்பு எரியாது. இல்லாத ஒரு மனிதர், ரங்கூனில் செத்துப்போன ஒரு நல்ல மனிதர், தன் பிரச்சினையெல்லாம் தீர்த்துவைப்பார் என்றால் அவரை ஏன் வேண்டாமென்று சொல்ல வேண்டும்?

சனிக்கிழமை ஊருக்குப் போகக் கிளம்பி, கீரமங்கலத்தில் பஸ் மாற நின்றார். சந்தை நாள். ரோட்டோரம் பலாப்பழங்களைக் குவித்து வைத்திருந்தார்கள். அந்த வாசத்துக்கு நடுவே, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சவரியப்பன் வந்தார்.

சவரியப்பன் கீரமங்கலத்துப் பையன்கள் பள்ளியில் வாத்தியார். ஆசிரியர் கூட்டங்களில் அமராவதிக்குப் பழக்கம். கத்தோலிக்கச் சாமியாராவதற்கு செமினரியில் வருஷக்கணக்காகப் படித்து, குருப்பட்டம் வாங்கப் போகிற சமயத்தில், எனக்கு இது ஒத்துவராது என்று வெளியே வந்துவிட்டவர். சொந்த ஊரில் அவருடைய அம்மா அதற்குப் பிறகு அவரிடம் பேசவில்லை.

அமராவதி மனுவை அவரிடம் காட்டினார். அவர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டுப் படித்தார். முகம் சிவந்துவிட்டது.

"கோவப்படாதீங்க சார். இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு மட்டும் சொல்லுங்க. அகராதியில பாத்தேன். அதுக்கு மேல ஏதாவது இருக்கா?"

"இருக்கு," என்றார் சவரியப்பன். "இது லத்தீன்லேருந்து வந்தது. 'நோமென்'னா அந்த பாஷையில பேரு. அதுக்கு முன்னால 'இல்லை'ங்கிறதை ஒட்டினா 'இக்னோமினியா'. பேரை இழக்குறது. நம்ம பக்கம் 'அவன் பேரு போச்சு'ங்கிறாங்களே, கிட்டத்தட்ட அதேதான்."

"பேருன்னுதான் அர்த்தமா?"

"ஆமா. ரோமாபுரியில குடிமக்களைக் கணக்கெடுக்க அதிகாரிங்க இருந்தாங்க. ஒருத்தன் நடத்தை அவுங்களுக்குப் பிடிக்கலைன்னா, அவன் பேருக்குப் பக்கத்துல ஒரு குறி போட்டுருவாங்க. அன்னையிலேருந்து அவனுக்கு ஊர்ல மதிப்பு கிடையாது. பட்டாளத்துலேருந்து ஒருத்தனை அவமானப்படுத்தி வெரட்டுறதுக்கும் இதே வார்த்தையைத்தான் சொன்னாங்க. அது பிரெஞ்சுக்காரன் கைக்குப் போயி, இங்கிலீஷ்காரன் கைக்குப் போயி, இப்ப நாகராசு கைக்கு வந்திருக்கு."

அமராவதிக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

"நோமென்... நம்ம நாமம் மாதிரியே இருக்கே சார்?"

"ஒரே வம்சம்தான். சமஸ்கிருதத்துல நாமம், லத்தீன்ல நோமென், இங்கிலீஷ்ல நேம்."

"அப்ப எனக்கு நாமம் போடப் பாத்திருக்காங்கன்னு சொல்லுங்க."

சவரியப்பனும் சிரித்தார். அமராவதி மனுவை வாங்கி மடித்தார்.

"ஒரு சந்தேகம். பேருக்குப் பக்கத்துலதானே குறி போட்டாங்க? அப்ப பேரு அங்கயேதானே இருந்திருக்கும்? யாரும் அழிக்கலையே?"

"அழிக்கலை," என்றார் சவரியப்பன். அவர் இதுவரை அப்படி யோசித்ததில்லை. "எங்க ஊர்ல என் பேருக்குப் பக்கத்துலயும் ஒரு குறி இருக்கு டீச்சர். ஓடிவந்த சாமியார்னு. மொதல்ல ரெண்டு வருஷம் ஊருக்கே போகலை. இப்ப ஈஸ்டர் கிறிஸ்மஸுன்னா போறேன். கோயில்ல முன்னாடி போயி நிக்கிறேன். பாக்குறவுங்க பாக்கட்டும்."

பஸ் வந்துவிட்டது.

திருக்கோகர்ணத்து வீட்டில் பிரகதாம்பாள் மனுவைப் பற்றிக் கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் சொன்ன யோசனையையும் அமராவதி சொன்னார்.

"பிச்சைமுத்துன்னே சொல்லிரு அமரா," என்றார் பிரகதாம்பாள். "ஒனக்குச் சோறு போடுற வேலை. என் பேரு ஒனக்கு என்ன செய்யப்போவுது? இம்புட்டு நாளும் அது ஒன்னைப் பிடிச்சு இழுத்ததுதான் மிச்சம். நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்."

ஒரு பழைய சேலையைக் கொடுத்துவிடுவது போல அவ்வளவு சாதாரணமாக அம்மா தன் பெயரைக் கொடுத்துவிடத் தயாராக இருந்ததுதான் அமராவதியைச் சுட்டது. மனுவைப் படித்தபோது வராத அழுகை அப்போது வந்தது. அழுகையோடு கோபமும் வந்தது.

"நீ நெனைச்சுக்கலைன்னா, ஒனக்கும் சேத்து நான் நெனைச்சுக்கிறேன்மா," என்று சொல்லிவிட்டு எழுந்து போய் முகம் கழுவினார்.

திங்கட்கிழமை விசாரணை மூன்றாம் வகுப்பிலேயே நடந்தது. பிள்ளைகளை வேப்ப மரத்தடிக்கு அனுப்பிவிட்டார்கள். டெபுடி இன்ஸ்பெக்டர் வயதானவர்; கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவதும் இறக்குவதுமாக மனுவை மெதுவாகப் படித்தார். உடையப்பன் ஒரு பக்கம், நாகராசுவும் அவரோடு வந்தவர்களும் ஒரு பக்கம். ஜன்னலுக்கு வெளியே பாதி ஊர் நின்றது.

"இதுக்கு உங்க பதில் என்னம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அமராவதி வாயைத் திறக்கும் முன் உடையப்பன் முந்திக்கொண்டார். "அதுல ஒண்ணும் உண்மை இல்லைங்க. டீச்சரோட தகப்பனார் பேரு பிச்சைமுத்து. ரங்கூன்ல காலமாயிட்டாரு. நானே விசாரிச்சிட்டேன்."

இன்ஸ்பெக்டர் அமராவதியைப் பார்த்தார். தலையை ஆட்டினால் போதும். எல்லாம் அதோடு முடிந்துவிடும்.

"மேனேஜர் ஐயா என் மேல உள்ள அக்கறையில சொல்றாங்க," என்றார் அமராவதி. "அப்படி ஒருத்தர் இல்லீங்க."

உடையப்பன் கண்ணை மூடிக்கொண்டார். அமராவதி எழுந்து கரும்பலகைக்குப் போனார். பிள்ளைகளுக்கு எழுதுவது போலப் பெரிய எழுத்தில் 'பிரகதாம்பாள் மகள் அமராவதி' என்று எழுதினார்.

"பி-ங்கிறது இவுங்கதான். எங்க அம்மா. திருக்கோகர்ணத்துல பொட்டுக் கட்டி ஆடுனவுங்க. இப்பப் பாட்டுச் சொல்லிக்கொடுக்குறாங்க. என்னைப் பெத்தது, வளத்தது, ட்ரெய்னிங்குக்கு அனுப்புனது எல்லாம் இவுங்கதான். மனுவுல ஒரு வார்த்தை போட்டிருக்காங்க. அது பொறந்த எடத்துல அதுக்குப் பேரு இல்லாமப் போனவுங்கன்னு அர்த்தமாம். எனக்குப் பேரு இருக்கு. எங்க அம்மாவுக்கும் இருக்கு. இம்புட்டு நாளா அதை ஒத்தை எழுத்தாச் சுருக்கி ஒளிச்சு வச்சிருந்தேன். இனிமே முழுசா எழுதுவேன்."

"கொஞ்சமாவது வெக்கம் இருக்கா பாருங்க," என்றார் நாகராசு, ஜன்னல் பக்கம் திரும்பி.

"நான் எதுக்கு வெக்கப்படணும்? எங்க வீட்டுக்கு வண்டி கட்டிக்கிட்டு வந்தவுங்க இருக்காங்க. அவுங்கள்ல யாரையாவது வேலையை விட்டுப் போகச் சொல்லி யாராவது மனு எழுதுனீங்களா?"

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாகராசுவிடம், "இந்த அம்மா பாடம் நடத்துறதுல குறை உண்டா?" என்று கேட்டார். நாகராசு மறுபடியும் ஜன்னல் பக்கம் பார்த்தார். "தாயார் பேரைப் போடக்கூடாதுன்னு நான் எந்த விதியிலயும் படிச்சதில்லை," என்று சொல்லிவிட்டு, மரத்தடியில் இருந்த பிள்ளைகளைக் கூப்பிடச் சொன்னார். அரை மணி நேரம் அவர்களைக் கேள்வி கேட்டார். அப்புறம் பஸ்ஸேறிப் போய்விட்டார்.

இலாகாவிலிருந்து வேலைக்கு ஆபத்தில்லை என்று பதில் வந்தது. ஆனால் வகுப்பு காலியாகிவிட்டது. நாகராசுவின் பேத்தி முதலில் நின்றாள். அவரைப் பார்த்து அவருடைய சொந்தக்காரர்கள், அவர்களைப் பார்த்து மற்றவர்கள். ஒரு சமயம் பெஞ்சியில் சேரிப் பிள்ளைகள் மட்டும் இருந்தார்கள். அமராவதி அவர்களுக்கு எப்போதும் போலவே பாடம் நடத்தினார். உடையப்பன் பள்ளிக்கூடப் பக்கமே வருவதை நிறுத்திவிட்டார்.

ஒருநாள் காலையில் பள்ளிச் சுவரில் கரிக்கட்டையால் எழுதியிருந்தது: 'தாசி மகல்'. அமராவதி வந்து பார்த்தார். பிள்ளைகள் தள்ளி நின்று அவர் முகத்தையே பார்த்தன. ஒரு பிள்ளை ஓடிப்போய் வாளியில் தண்ணீர் கொண்டுவந்தது.

"தண்ணி வேணாம். சாக்பீஸ் கொண்டாங்க," என்றார்.

சாக்பீஸை வாங்கி 'ல'வை அடித்துவிட்டு அதன் மேலே 'ள' என்று எழுதினார். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, "மகள். எந்த ள? சொல்லுங்க," என்றார். பிள்ளைகள் நாக்கை மடித்து மூன்று தரம் சத்தமாகச் சொன்னார்கள். ரோட்டில் மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர்கள் நின்று பார்த்தார்கள். அதன் பிறகு அந்தச் சுவரில் யாரும் எதுவும் எழுதவில்லை. மழை வந்து கரைக்கும் வரை அது அப்படியே இருந்தது.

"கோவமா வரலையா டீச்சர்?" என்று நான் கேட்டேன்.

"வராம என்ன? அந்த 'ள' நேராவே வரலை," என்றார்.

முதலில் திரும்பி வந்தது ஹமீதா பானு. அவளுடைய அம்மா ஜன்னத் பீவி கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டார். அவருடைய வீட்டுக்காரர் ஜெகதாப்பட்டினத்துக் கருவாட்டு வியாபாரி. மாதத்தில் பாதி நாள் கடற்கரையில்தான் இருப்பார்.

"ஊருல என்னென்னமோ பேசுறாக டீச்சரு," என்றார் ஜன்னத் பீவி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டே. "நானும் பத்து நாளாப் புள்ளைய வீட்டுல வச்சுத்தான் பாத்தேன். வாய்ப்பாட்டைப் பாடிக்கிட்டே அடுப்பைச் சுத்தி வாரா. எம் மச்சான் கடக்கரையிலேருந்து வந்து, எதுக்குப் புள்ள வீட்டுல இருக்குன்னு கேட்டாக. சொன்னேன். 'ஒனக்குப் புள்ளைக்கு எழுத்து வேணுமா, டீச்சரு வம்சாவளி வேணுமா'ன்னு கேட்டாக. எனக்கு எழுத்துதேன் வேணும்."

"உக்காரு ஹமீதா," என்றார் அமராவதி. சிலேட்டைத் துடைத்து அவள் கையில் கொடுத்தார்.

மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். நாகராசுவின் பேத்தியும் அடுத்த வருஷம் வந்துவிட்டாள். அவளை அவளுடைய அம்மா பின்பக்க வேலி வழியாகக் கொண்டுவந்து விட்டபோது, அமராவதி அந்தப் பெண்ணிடம், "நாளையிலேருந்து முன்வாசல் வழியாவே கூட்டிக்கிட்டு வாங்க. கொல்லைப்பக்கமா வாரது எங்க அம்மாவோட போகட்டும்," என்றார். அந்தப் பிள்ளை பழைய பெஞ்சியிலேயே பழைய இடத்தில் உட்கார்ந்தாள்.

அவர் பிரகதாம்பாளையும் ஊருக்கே அழைத்து வந்துவிட்டார். அந்த அம்மாளை நான் பார்த்திருக்கிறேன். பேச்சு குறைவு. சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார். முன்வாசல் வழியாக வருவார். வரும்போது ஒவ்வொரு நாளும் சேலையை ஒருதரம் சரிசெய்துகொள்வார்.

சவரியப்பன் சாரும் அமராவதி டீச்சரும் கல்யாணம் செய்துகொள்வார்கள் என்று ஊர் எதிர்பார்த்தது. செய்துகொள்ளவில்லை. சார் வேறொரு டீச்சரைக் கட்டிக்கொண்டு, இந்த ஊருக்கே வந்து பக்கத்துத் தெருவில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேரும் உட்கார்ந்து வார்த்தைகளைப் பற்றிப் பேசுவார்கள். "கல்யாணம் பண்ணியிருந்தா இவரு லத்தீனை நாள் பூராக் கேக்கணுமே," என்பார் டீச்சர்.

1957-ல் அமராவதியை உடையப்பனே ஹெட்மிஸ்டிரஸ் ஆக்கினார். இதற்குள் அவர் பழையபடி டீச்சர் பக்கம் சாய்ந்துவிட்டிருந்தார். பெயர்ப் பலகை எழுதுகிறவரிடம் என்ன எழுத வேண்டும் என்று டீச்சரே சொன்னார். உடையப்பன் தலையாட்டினார்.

பலகை மாட்டின அடுத்த வருஷம் ஒரு கார் வந்து பள்ளி முன்னால் நின்றது. அந்த வக்கீல். தலை பழுத்துவிட்டது, கைத்தடியோடு இறங்கினார். பலகையை நின்று படித்தார். டீச்சர் எழுந்து நாற்காலியைப் போட்டார்.

"உன்னைப் பத்தி நாலு பேர் நல்லவிதமாச் சொல்றாங்க," என்றார். "சந்தோஷமா இருந்துச்சு. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். பையன்கள்கிட்டயும் பேசிட்டேன். இனிமே நீ என் பேரைப் போட்டுக்கிறதுல எனக்கு ஆட்சேபணை இல்லை."

இந்த வாக்கியத்துக்காக ஏங்கிய வருஷங்கள் இருந்தன என்று டீச்சர் என்னிடம் மறைக்காமல் சொன்னார். பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று இதைச் சொல்லியிருந்தால் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டிருப்பாராம்.

"நீங்க வந்ததுக்கு நன்றிங்க," என்றார் கடைசியில். "ஆனா அந்த எடம் காலியா இல்லை."

வக்கீல் தண்ணீர் கேட்டார். டீச்சர் கொடுத்தார். குடித்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் பிரகதாம்பாளிடம் டீச்சர் இதைச் சொன்னபோது, "காரு என்ன நெறம்?" என்று மட்டும் கேட்டாராம்.

நான் சேர்ந்த வருஷம் முதல் வகுப்பு எனக்கு. ஜூன் மாதம் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும்போது டீச்சர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். அப்பா பேரைக் கேட்டு எழுதின பிறகு, "ஒங்க ஆத்தா பேரு என்ன?" என்று கேட்பார். பாதிப் பிள்ளைகளுக்குத் தெரியாது. "ஆத்தா," என்று சொல்லும். "அது நீ கூப்பிடுறது. அவுங்க பேரு என்ன?" என்று கேட்டால் விழிக்கும். கொண்டுவந்து விட்ட அப்பன்மார்களில் சிலரும் தலையைச் சொறிவார்கள். பொண்டாட்டி பேரைச் சொல்லிக் கூப்பிட்டு அவர்களுக்குப் பழக்கம் இல்லை.

"சவரியப்பன் சார் அர்த்தம் சொன்ன அந்த மனு வார்த்தை எனக்குத்தான் பொருந்தும்னு நெனைச்சாங்க," என்பார் டீச்சர். "இந்த ஊர்ல வீட்டுக்கு வீடு பேரில்லாம ஒருத்தி ஒலை வச்சிக்கிட்டு இருக்கா. அவுங்களை யாரு கேட்டா?"

தெரியாத பிள்ளைகளிடம், "வீட்டுக்குப் போயிக் கேட்டுட்டு நாளைக்கு வந்து சொல்லு," என்று அனுப்புவார்.

அப்படி அனுப்பிய மறுநாள் காலை, பிரேயர் நேரத்தில், கேட்டுக்கு வெளியே ஒரு பெண் வந்து நின்றார். நடவு வயலிலிருந்து நேரே வந்திருந்தார். முழங்கால் வரை சேறு. உள்ளே வரத் தயங்கிக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி நின்றவரைப் பார்த்து நான் போனேன்.

"என்ன வேணும்?"

"எம் மவ நேத்து வந்து எம் பேரைக் கேட்டுச்சுங்க. சொல்லி அனுப்பினேன். சின்னது, வழியிலயே மறந்துபோயிரும். அதான் நானே சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்."

அவர் என்னைத் தாண்டி, தாழ்வாரத்தில் நின்ற அமராவதி டீச்சரைப் பார்த்தார். பிறகு, வயலில் இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்குக் கூப்பிடுகிற குரலில், பள்ளிக்கூடம் முழுவதும் கேட்கும்படி சொன்னார்:

"டீச்சரம்மா! எம் பேரு இருளாயி!"